மெஷினுக்குப் போட்ட ஈரச்சாக்கு

காற்றை அளப்பதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை. சொல்லும்போது பெரிய ஆராய்ச்சி மாதிரி இருக்கும். செய்து பார்த்தால் அது படியேறி இறங்கும் வேலை. புதுச்சேரியில் இருக்கிற மொட்டை மாடிகளில் பாதியை நான் பார்த்துவிட்டேன் என்று வீட்டில் சொல்வேன். மனைவி சிரிப்பாள். என் முழங்கால் சிரிக்காது.

நாங்கள் தூக்கிக்கொண்டு அலைந்த மெஷின் இடுப்புயரத் தகரப் பெட்டி. மேலே கூரை வீடு மாதிரி இரண்டு பக்கமும் சரிந்த மூடி. உள்ளே ஒரு மோட்டார் காற்றை இழுத்து ஒரு வெள்ளைத் தாள் வழியாக வெளியே தள்ளும். காற்றில் இருக்கிற தூசி தாளில் தங்கிவிடும். தாளை முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை எடை போட்டுக் கழித்தால் தூசியின் எடை. இதற்குப் பின்னால் இருக்கும் அறிவியல் அவ்வளவுதான். மீதி எல்லாம் படிக்கட்டு. எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தாளை மாற்ற வேண்டும் என்பதால், ராத்திரி பகல் என்று இல்லாமல் மறுபடியும் மறுபடியும் அதே மாடிக்கு ஏற வேண்டும். ஓடும் நேரம் முழுக்க மிக்சியில் யாரோ பருப்பு அரைத்துக்கொண்டே இருப்பது மாதிரி சத்தம்.

ஊருக்குள் சில இடங்களில் மெஷின் நிரந்தரமாக இருக்கும். பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு அரசாங்கக் கட்டடத்தின் மாடியில் ஒன்று இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அதை ஓட்டுவோம். எதிர்வீட்டு மாடியில் வடகம் காயப்போடும் பெண்கள், இது செல்போன் டவரா, இதிலிருந்து ஏதாவது வருமா என்று கேட்பார்கள். இதிலிருந்து எதுவும் வராதும்மா, இது உள்ளே இழுக்கிற மெஷின் என்பேன். அப்படியானால் இழுத்து என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். எடை போடுவோம் என்பேன். அதற்கு மேல் அவர்களும் கேட்க மாட்டார்கள், எனக்கும் சொல்ல இருக்காது. எடை போட்ட எண்கள் மாதாமாதம் மேலே போயின. மேலே என்றால் எங்கே, யார் அதைப் படித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆரம்பத்தில் தெரிந்துகொள்ள ஆசை இருந்தது. பிறகு தாள் மாற்றுகிற நேரத்துக்கு சைக்கிள் ஸ்டாண்டில் இடம் கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது.

இதைத் தவிர புகார்கள் வரும். யாராவது மனு கொடுத்தால், அந்த இடத்துக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் மூன்று நாள் ஓட்ட வேண்டும். எனக்குப் புகார் வேலை பிடிக்காது. நிரந்தர மாடிகளில் என்னை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். புகார் கொடுத்த வீட்டில் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். நம் கையில் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறவர்களின் முகத்தை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்ப்பது களைப்பான வேலை.

சுனாமிக்குப் பிந்தைய வருஷங்களில் ஒரு கோடை. கருவடிக்குப்பம் பக்கம் ஒரு தெருவிலிருந்து மனு வந்திருந்தது. கொடுத்தது ஒரு கீரைக்கார அம்மா. விடியற்காலையில் கிராமத்துக் கீரையை எடுத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மத்தியானத்துக்குள் விற்று வீடு திரும்புகிறவர். கணவர் தையல்காரர். வீட்டின் முன்னறையில் தெருவைப் பார்த்த ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட யூனிஃபார்மும் ஜாக்கெட்டும் தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து மனையில் கிரானைட் அறுக்கும் பட்டறை வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் குடும்பங்களை ஊரில் சொல்தா வீடு என்பார்கள். அந்தக் காலத்தில் சொல்தா வீடுகளில் தொடங்கி எல்லா வீட்டு அடுப்பங்கரைக்கும் கிரானைட் கேட்டார்கள். பட்டறை காலையிலிருந்து மாலை வரை ஓயவில்லை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி பறக்காது. தண்ணீர் விட்டால் சேறாகும், வேலை மெதுவாகும். அவர்கள் உலர்வாகவே அறுத்தார்கள்.

தையல்காரருக்கு இளைப்பு வந்தது. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் பஸ் ஏறினார். அங்கே மருந்தை உள்ளே இழுக்கிற கருவியைக் கொடுத்து, தூசியில் இருக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீடு அவர்களுடைய சொந்த வீடு. எங்கே போவது? அதனால் கீரைக்கார அம்மா தன் வழியில் ஒன்று செய்தார். முன்னறை ஜன்னலுக்கு வெளியே இரண்டு சணல் சாக்கைத் தொங்கவிட்டு, தண்ணீர் ஊற்றி ஊற்றி ஈரமாகவே வைத்திருந்தார்.

நான் முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது, முன்னறை கிணற்றுக்குள் இருப்பது போல இருட்டாக இருந்தது. நனைந்த சணல் வாடை. டியூப்லைட் எரிந்தது. அதற்குக் கீழே அவர் வெள்ளைச் சட்டைத் துணியை மூக்குக்குக் கிட்டத்தில் பிடித்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரிந்தது.

"வாங்க தம்பி. கவர்மெண்டு மெஷினு வந்துடுச்சு. இனிமே இந்தச் சாக்க எடுத்துடலாம்" என்றார்.

"மொதல்ல அவரு அளக்கட்டும். அதுக்குள்ள இவரு சாக்க எடுக்கறதுல நிக்கிறாரு" என்றார் அந்த அம்மா.

"தம்பி, நீங்களே பாருங்க. இந்த வெளிச்சத்துல பட்டன் காஜா எடுக்க முடியுமா? கரண்டு போச்சுன்னா அம்போதான். சாக்குத் தண்ணி சொட்டி, போன வாரம் ஒரு பொண்ணோட யூனிஃபார்ம்ல பழுப்புக் கறை. தெருவுல யாரு போறாங்க வர்றாங்கன்னு பாத்துக்கிட்டே தைச்சவன் நான். இப்ப ஜெயிலுல இருக்கற மாதிரி இருக்குது."

"மூச்சு உட முடியுதுல்ல?"

"என்ன பெருசா முடியுது? அப்பவும் இழுத்துது, இப்பவும் இழுக்குது. சாக்கால ஒண்ணும் இல்ல. ஈரம் பட்டு சளி புடிச்சதுதான் மிச்சம்."

இது தினசரிச் சண்டை என்பது இருவரும் என்னைப் பார்க்காமல் பேசியதிலேயே தெரிந்தது. சாக்கு உதவுகிறது என்று நிரூபிக்க அந்த அம்மாவிடம் எதுவும் இல்லை. உதவவில்லை என்று நிரூபிக்க அவரிடமும் இல்லை. இரண்டு பேரும் என் மெஷினை நம்பியிருந்தார்கள். அளவு கூடுதலாக வந்தால் பட்டறைக்கு நோட்டீஸ் போகும். கொட்டகை கட்டி, தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும் என்று உத்தரவாகும். தூசி நின்றால் சாக்கு தேவையில்லை. ஜன்னல் திறக்கும். அவருக்கு வெளிச்சம் கிடைக்கும். அந்த வீட்டில் எல்லாம் இந்த ஒரு வரிசையில்தான் நின்றது.

மெஷினை மாடிக்கு ஏற்றினோம். மாடியின் கைப்பிடிச் சுவரில் விரலை வைத்து இழுத்தால் கோலம் போட்டது மாதிரி வெள்ளைக் கோடு விழுந்தது. பக்கத்து முருங்கை மரத்தின் இலைகள் பவுடர் பூசிக்கொண்டு நின்றன. என் பல்லில் மணல் கடிபட்டது. இந்த இடத்தில் மெஷினே தேவையில்லை, ஒரு நாக்கு போதும் என்று நினைத்தேன். ஆனால் நாக்கு சொன்னதை ஃபைலில் சேர்க்க முடியாது.

எங்கள் வழக்கப்படி அந்த அம்மாவிடம் விதிகளைச் சொன்னேன். மெஷினைத் தொடக்கூடாது. மாடியில் பெருக்கக்கூடாது. கிட்டத்தில் அடுப்பு மூட்டக்கூடாது, குப்பை கொளுத்தக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், என் சொந்தக் கவலையில் ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். சித்திரை வெயில். இந்த மெஷினின் மோட்டார் ஏற்கெனவே இரண்டு தடவை சூடேறி நின்றிருந்தது.

"சூடு தாங்காம பாதியில நின்னுடுச்சுன்னா, அந்த நாள் கணக்குல வராதும்மா. மறுபடி மொதல்லேருந்து ஓட்டணும். அதுக்கு எப்ப முறை வரும்னு சொல்ல முடியாது."

"நிக்கக்கூடாது சார்" என்றார் அவர், நான் ஏதோ அவருடைய வீட்டு மனிதருக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னது போல.

மூன்று நாளும் மெஷின் நிற்கவில்லை. எனக்கே ஆச்சரியம். பட்டறையும் வழக்கம்போல ஓடியது. அந்த அம்மா மூன்று நாளும் மார்க்கெட்டுக்குப் போகவில்லை, தாள் மாற்ற நான் போகும்போதெல்லாம் மாடிப்படியின் கீழே காத்திருப்பார். கையில் டீ இருக்கும். நான் வருகிற நேரம் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. மாடித் தரை சில இடங்களில் ஈரமாக இருந்தது. கொடியில் துணி காயப்போட்டு எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், இந்தச் சத்தத்தில் சீரியல் கேட்க முடியவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். அவர்களையும் அந்த அம்மாதான் சமாதானம் பண்ணினார்.

ஒரு நாள் மாலை தையல்காரர் மெதுவாகப் படியேறி வந்து மெஷின் பக்கத்தில் நின்றார். மூன்று படிக்கு ஒரு தடவை நின்று வந்திருக்க வேண்டும், மூச்சு அடங்க வெகு நேரம் ஆனது. கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதுவும் என்ன மாதிரியேதான் இழுக்குது" என்றார். நானும் சிரித்தேன். மனிதர் நல்ல தமாஷ்காரர். அவர் வாழ்க்கையில் அந்த ஜன்னல் எவ்வளவு பெரிய இடம் என்பது அவர் பேசுகிறபோதெல்லாம் தெரிந்தது. எந்தப் பெண் எந்த மாதிரி கை வைத்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு தெருவில் போனாள், அதை யார் தைத்துக் கெடுத்தார்கள் என்பது வரைக்கும் சொல்வார். சாக்கு தொங்கியதிலிருந்து தெருவுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விட்டது என்றார்.

தாள்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தன. எடை போடுவதற்கு முன்னால், ஈரம் போக ஒரு கண்ணாடி ஜாடிக்குள் வைப்போம். ஜாடியின் அடியில் நீல மணிகள் கிடக்கும். ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அவை ரோஸ் நிறமாகும். நம் ஊர்க் கடற்காற்றில் அந்த மணிகளுக்கு ஓய்வே கிடையாது. இந்தத் தாள்களுக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரமாக நிறம் மாறின. எப்போதும் போலக் கடலைத் திட்டிவிட்டு மணிகளை மாற்றினேன்.

பிறகு தாளை வெளிச்சத்தில் பார்த்தேன். தூசிப் படிவே இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. அந்த மாடியில் ஓடிய தாள் இப்படியா இருக்கும்? கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் தராசில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். மெஷின் காற்றைச் சரியாக இழுத்திருக்கிறதா என்று பதிவுகளைப் பார்த்தேன். சரியாகத்தான் இழுத்திருந்தது. மூன்று நாள் கணக்கும் அனுமதித்த அளவுக்குள் அடங்கிவிட்டது. மார்க்கெட் மாடியில் சாதாரண நாளில் வருவதைவிடக் குறைவு. கிரானைட் பட்டறைக்குப் பக்கத்து மாடி, காய்கறி மார்க்கெட்டைவிடச் சுத்தம் என்று என் தராசு சொன்னது.

எங்கள் அதிகாரி கெட்டவர் இல்லை. ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது. அவர் மேஜையில் ஊர்ப் புகையும் தூசியும் சாக்கடையும் ஃபைலாக வந்து நின்றன. எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், அந்த இடத்துல நின்னா பல்லு நறநறங்குது சார்" என்றேன்.

"நறநறங்கறத எந்தக் கட்டத்துல எழுதறது? நம்பர் என்னய்யா சொல்லுது?"

நம்பர் சொன்னதை எழுதினார்கள். தூசி அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருப்பதால் மேல்நடவடிக்கை தேவையில்லை என்று பதில் போனது. நல்லவேளையாகத் தபாலில் போனது. அந்த வீட்டுப் பக்கம் போகிற வேலை எனக்குக் கொஞ்ச நாள் வராமல் இருந்ததில் நிம்மதியாக இருந்தேன். அவ்வப்போது மட்டும் அந்த வெளுத்த தாள் ஞாபகம் வந்து எரிச்சலூட்டியது. மெஷின் மேல் எரிச்சல், பட்டறை மேல் எரிச்சல், ஒழுங்காகத் தூசி பறக்காத காற்றின் மேல்கூட எரிச்சல்.

ஒரு நாள் காலை. மார்க்கெட் மாடியில் தாள் மாற்றிவிட்டு இறங்கி, வீட்டுக்குக் கீரை வாங்கலாம் என்று உள்ளே போனேன். கீரை வரிசையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அது என்னவோ அவர் முகத்தில் கோபம் இல்லை. எங்கோ கணக்குப் பிசகிவிட்டது என்கிற குழப்பம் மட்டும் இருந்தது.

"கம்மியா இருக்குதுன்னு எழுதி வந்துச்சு சார்."

"ஆமாம்மா. அளந்ததுல அப்படித்தான் வந்துச்சு."

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே, முன்னால் விரித்திருந்த ஈரச்சாக்கைத் தூக்கி, அடியிலிருந்து அரைக்கீரைக் கட்டு ஒன்றை எடுத்தார். வெளியே சுட்டெரித்த வெயிலிலும் கீரை அப்போதுதான் பறித்தது போல இருந்தது. வாடாமலே வச்சிருக்கீங்களே என்று ஏதோ பேச வேண்டுமே என்பதற்காகச் சொன்னேன்.

"சாக்கு இல்லன்னா இந்நேரம் தொவண்டு போயிருக்கும் சார். ஒங்க மெஷினுக்கும் இப்படித்தான் போட்டேன். அதான் ஒரு நாளும் நிக்கல."

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்த மெஷினுக்கு?"

"மாடில வச்ச மெஷினுக்குத்தான். தொட்டா கொதிச்சுது சார். ஐயோ, தொடல, கிட்ட கைய வச்சுப் பாத்தேன். சூடேறினா நின்னுடும்னு சொல்லிட்டுப் போனீங்க. கொடியச் சுத்திக் கட்டி, நாலு பக்கமும் சாக்கத் தொங்க உட்டு, தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தேன். மெஷின் மேல ஒரு சொட்டு படல."

"நான் வந்தப்பல்லாம் அங்க ஒண்ணும் இல்லியேம்மா."

"ஆபீசரு வர்ற நேரத்துல கோணிய தொங்க உட்டா நல்லாவா இருக்கும்? நீங்க வர்றதுக்கு முன்னாடி கழட்டிடுவேன். போனதும் திரும்பக் கட்டிடுவேன்."

கீரைக் கட்டைக் கையில் பிடித்தபடி நின்றேன். நாலு பக்கமும் நனைந்த சணல். அதற்குள்ளே உட்கார்ந்து எங்கள் மெஷின் மூன்று நாள் காற்றை இழுத்திருக்கிறது. தூசியெல்லாம் வெளியே சாக்கில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. ஜாடியில் மணிகள் அவ்வளவு சீக்கிரம் ரோஸாக மாறியதற்குக் கடல் காரணம் இல்லை. பட்டறைக்காரன் காசு கொடுத்து ஆள் வைத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக அந்த அளவைக் கெடுத்திருக்க முடியாது. தொடாதே, பெருக்காதே, கொளுத்தாதே என்று எழுதியவர்கள், வெயிலில் நிற்கும் மெஷினைப் பார்த்து ஒருத்தருக்கு மனசு கேட்காது என்பதை எங்கே யோசித்தார்கள்?

வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. அந்த அம்மாவிடம் அங்கே எதுவும் சொல்லாமல் நேராக ஆபீசுக்குப் போனேன். அதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லி, மறுபடி மூன்று நாள் ஓட்ட வேண்டும் என்றேன். முழுதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முடிஞ்ச ஃபைலத் திரும்பப் பிரிக்கணும்னா காரணம் எழுதணும். என்ன எழுதுவ?"

"நடந்தத எழுதுவேன்."

"எழுது. புகார் குடுத்தவங்களே மெஷினச் சுத்தித் துணி கட்டினாங்கன்னு எழுது. அத பட்டறைக்காரன் கேட்டு வாங்குவான். மெஷின்ல கைய வச்சவங்க இவங்கன்னு சொல்லுவான். அதுக்கப்பறம் அந்த அம்மா எந்த மனு குடுத்தாலும் எடுபடுமா?"

அவர் சொன்னது சரி என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"புது மனு ஒண்ணு குடுக்கச் சொல்லு. வரிசையில போடலாம். முன்னாடி நெறைய இருக்குது. அதுக்குள்ள மழை வந்துடும். மழைக்காலத்துல அளந்தா எல்லா எடமும் நல்ல எடம்தான். அடுத்த கோடையில பாக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு அவரே பெருமூச்சு விட்டார்.

அன்று மாலை வேலை முடிந்து கருவடிக்குப்பம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். புது மனு கொடுங்கள் என்று மார்க்கெட்டிலேயே ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த தடவையும் அவர் சாக்குக் கட்டுவார். ஏன் கட்டக்கூடாது என்று சொல்லாமல் கட்டாதே என்று மட்டும் சொன்னால், வெயிலில் கொதிக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியாது.

பட்டறை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் சாக்கு இல்லை. கதவு இரண்டும் திறந்து, மாலை வெளிச்சம் முன்னறை முழுக்கக் கிடந்தது. தையல்காரர் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்து நீல நிறப் பாவாடை ஒன்றுக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தார். முன்பைவிட இளைத்திருந்தார். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் மெஷின் சக்கரத்தில் கையை ஊன்றி, தோளைத் தூக்கி மூச்சு வாங்கினார். ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. தெருவில் போன யாருக்கோ கையசைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாங்க தம்பி. கவர்மெண்டே எழுதிக் குடுத்துடுச்சே, தூசி இல்லன்னு. அப்பறம் எதுக்குச் சாக்கு? அன்னிக்கே கழட்டச் சொல்லிட்டேன்" என்றார். கேலியா நிஜமா என்று பிரிக்க முடியாத குரல். அதற்குள் இருமல் வந்து, பேச்சு நின்றுவிட்டது.

அந்த அம்மா உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து அவருக்கும் எனக்கும் கொடுத்தார். "இவருகிட்ட என்னால பேசி ஜெயிக்க முடியல சார். பேப்பரக் காட்டறாரு" என்றார்.

அளவு தப்பாகிப் போனதைச் சொல்லத்தான் வந்திருந்தேன். அந்தத் தப்பு அளவை நம்பி இந்த மனிதர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூசியைத் தின்றுகொண்டிருக்கிறார் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். மெஷினைச் சுற்றி ஈரச்சாக்கு இருந்ததால் தூசி உள்ளே வரவில்லை, தாள் வெளுத்துப் போனதற்கு அதுதான் காரணம், வந்த நம்பர் இந்தத் தெருவின் காற்று இல்லை, சாக்குக்கு உள்ளே இருந்த காற்று என்றேன். மறுபடி மனு கொடுக்க வேண்டும், முறை வர அடுத்த கோடை ஆகும், அப்போது மெஷின் நின்றாலும் பரவாயில்லை, சாக்குக் கட்டக்கூடாது என்றேன்.

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நானே கெடுத்துட்டேனா சார்" என்றார். அழவில்லை. மார்க்கெட்டில் சாக்கைத் தூக்கிக்காட்டிய அந்தக் கையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தீர்கள் என்று நான் சொன்னது எனக்கே காதில் விழவில்லை. பக்கத்தில் கல் அறுபடும் சத்தம் கீச்சென்று ஏறி இறங்கியது.

பிறகு அந்த அம்மா தலையை நிமிர்த்தினார்.

"அப்ப தூசி சாக்குல நின்னுடுச்சு."

"ஆமாம்மா."

"மெஷினுக்குள்ள போகல."

"கொஞ்சம் போயிருக்கும். பெரும்பாலும் போகல."

"அத நீங்க எடை போட்டுப் பாத்துருக்கீங்க."

"பாத்தேன்."

அவர் கணவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தே சொன்னார்: "சார், அத இவருகிட்டச் சொல்லுங்க."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தையல்காரர் தலையைக் குனிந்து பாவாடை மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ நாள் சண்டையில் அவர்கள் இருவராலும் நிரூபிக்க முடியாததை, எங்கள் மெஷின் யாரும் கேட்காமலே நிரூபித்துவிட்டது. நோட்டீஸ் போக வைக்க அதனால் முடியவில்லை. பட்டறையை நிறுத்த முடியவில்லை. சாக்கு வேலை செய்கிறது என்று மட்டும் சொல்ல முடிந்தது. நான் எடை போட்டதிலேயே ஒரு வீட்டுக்கு நேராகப் போய்ச் சேர்ந்த ஒரே முடிவு அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் ஒரு மனிதரின் ஜன்னலைச் சாத்துவதற்காகப் போய்ச் சேர்ந்தது.

அந்த அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போனார். மடித்து வைத்திருந்த சாக்குகளையும் ஒரு வாளித் தண்ணீரையும் கொண்டுவந்தார். "மனு எழுதிக் குடுங்க சார், நான் கைநாட்டு வைக்கறேன். அடுத்த தடவ ஒங்க மெஷினு வெயில்ல கெடக்கட்டும், ஒண்ணும் கட்டல. இவருக்குக் கட்டாம இருக்க முடியாது" என்றார்.

தையல்காரர் தெருவை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பிறகு பாவாடையை ஊசியிலிருந்து விடுவித்து மடித்து வைத்தார். எட்டி டியூப்லைட் சுவிட்சைப் போட்டார். வெளியே சாக்கு ஆணியில் ஏறி, அறையில் தெரு வெளிச்சம் பாதி குறைந்து, பிறகு முழுதும் குறைந்தது.

"இந்தா, ஒரு வாளி பத்தாது" என்று டியூப்லைட்டுக்குக் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "நல்லா நனைச்சுப் போடு."